‘ஊராரின் கதையைக் கேட்டுக் கேட்டு என் நித்திரை போய்விட்டது’

கேள்வி:

அன்புள்ள மிஸ்,

எங்கட ஊர் மட்டக்களப்பு மாவட்டமும் அம்பாறை மாவட்டமும் முட்டுற இடத்தில இருக்கு. எனக்கு 41 வயது. சுனாமியில அம்மாவப்போல இருந்த என்ட பெரியம்மாவையும் தம்பியையும் குடுத்தவள். 2018ல நானும், மருதமுனையில தறி போடுற ஒரு ராத்தாவும், பென்சன் எடுத்த ஒரு டீச்சரும் சேர்ந்து சனிக்கிழமை பின்னேரங்களில மனசு நொந்த ஆக்களை இருத்திக் கதைக்கிற வேலையத் துவங்கினோம். ஒரு நிறுவனம் பயிற்சி தந்தது, பஸ் காசு தந்தது. ப்ரொஜெக்ட் முடிய அவங்க போயிட்டாங்க. நாங்க விடல்ல. பாலர் பாடசாலைக் கட்டடத்தில, சின்னப் பிள்ளையள்ட கதிரையில குந்தியிருந்து நடத்துறம். அந்தப் பாலர் பாடசாலை டீச்சரம்மா திறப்பைத் தருவா. கால் ஏலாத அக்காவை ஒரு ஓட்டோத் தம்பி காசு வாங்காம ஏத்தி வருவான். காது கேளாத ஒரு தம்பி வருவான், அவன்ட அக்கா கைப்பாசையில சொல்லிக் குடுப்பா. மருந்து எடுக்கிற ஆக்கள், புருசன் காணாமல் போன ஆக்கள், லோன் காசில மாட்டின ஆக்கள், தமிழ், முஸ்லிம் எல்லாரும் வருவாங்க. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மூணு மாசம் நிண்டுபோச்சு. ராத்தா ஒரு நாள் பழைய குடையொண்டைத் திருப்பித் தரணும் எண்டு வந்தா. அப்பிடித்தான் திரும்பத் துவங்கினது.

நாலு மாசத்துக்கு முதல், எங்கட கூட்டத்துக்கு ஒழுங்கா வந்த ஒரு பிள்ளை தன்ட உயிரை மாய்ச்சிட்டா. முந்தின சனிக்கிழமை சிரிச்சுக் கதைச்சிட்டுப் போனவ. அண்டிலிருந்து எனக்கு நித்திரை இல்ல. ரெண்டு மணிக்கு முழிச்சா விடியுமட்டும் முழிப்புத்தான். ஃபோன் அடிச்சா நெஞ்சு திடுக்கெண்டும். அடிக்காட்டியும் எடுத்துப் பார்ப்பன். ‘உனக்கேன் இந்த வேலை, வீட்டப் பாரு’ எண்டு அவர் சொல்றார். ‘விசர் ஆக்களோட திரிஞ்சி இவளுக்கும் பிடிச்சிட்டு’ எண்டு அக்கம்பக்கத்தில கதை. ஓ.எல். சோதனை தாண்டாத எனக்கு இந்த வேலைக்கு உரிமை இருக்கா? நான் விடவா மிஸ்?

இன்னொண்டு, சிரிக்கக் கூடாது. அந்த நிறுவனத்திட அறிக்கையொண்டைப் போன மாசம் கண்டன். ‘இம்முயற்சியின் பின்னால் இருப்பவர்கள்’ எண்டு ஒரு பக்கம். ஏழு பேர்ட படம். எங்கட ஊர் ஆள் ஒராள் இல்ல. அதுவும் ஏனோ மனசில கிடக்கு.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கேள்விகளுக்கு வர முதல் நான் ஒன்று கேட்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு விழித்துக் கிடக்கும்போது ‘நானும் இல்லாமல் போனால் என்ன’ என்று வருகிறதா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்களைத் தேற்றிப் பழகியவர்கள் தங்கள் சங்கதியைக் கடைசி வரியில்கூட எழுதமாட்டார்கள் என்பதை இந்த வேலையில் இருந்து படித்திருக்கிறேன். வருகிறது என்றால் இதை வாசித்து முடிக்க வேண்டாம். பக்கத்தில் படுத்திருக்கிற கணவரை எழுப்புங்கள். அல்லது 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் ஆள் இருக்கும். 1333உம் இருக்கிறது, காசு வெட்டாது. இந்த இரண்டு இலக்கங்களையும் நீங்கள் நூறு பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். உங்களுக்கென்று ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்தீர்களா?

இப்படி நேரே கேட்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோமோ என்று ஊரில் எல்லோருக்கும் பயம். உங்களுக்கும் அந்தப் பிள்ளையிடம் கேட்காமல் விட்டதற்கு அதுதான் காரணமாக இருந்திருக்கலாம். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. ஏற்கனவே இருப்பவருக்கு, ‘இதையும் இங்கே சொல்லலாம்’ என்ற ஆறுதல்தான் வருகிறது. இனி வரும் சனிக்கிழமைகளில் தேவைப்பட்ட இடத்தில் கூசாமல் கேளுங்கள்.

அந்தச் சனிக்கிழமையை நீங்கள் எத்தனை தரம் திரும்ப ஓடவிட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. எந்தக் கதிரையில் இருந்தா, தேத்தண்ணியை முழுதாகக் குடித்தாவா, படலையில் நின்று என்ன சொன்னா. பூட்டாமல் விட்ட கதவு எது என்று மனம் தேடிக்கொண்டே இருக்கும். தேடினால் ஏதோ ஒரு கதவு அகப்படவும் செய்யும், ஏனென்றால் நடந்து முடிந்ததன் பிறகு எல்லாமே அறிகுறியாகத் தெரியும். அன்றைக்கு அது அறிகுறி இல்லை, ஒரு பிள்ளை சிரித்த சிரிப்பு. அந்தச் சிரிப்பு பொய் என்றும் எண்ணிவிடாதீர்கள். மரண எண்ணத்தோடு இருப்பவர் ஒரு பின்னேரம் உண்மையாகவே சிரிக்கலாம். உங்கள் இடத்தில் அதற்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்திருக்கிறது.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கு ஒன்று இருக்கிறது. 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. இறக்கியது எங்களைப் போன்ற உளவளத் துணையாளர்கள் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் பெரிய காரணம், மிகக் கொடிய நஞ்சுள்ள பூச்சிநாசினிகளையும் களைநாசினிகளையும் படிப்படியாக நாட்டுக்குள் வராமல் தடுத்த உத்தரவுகள். அந்தக் கோப்புகளில் கையெழுத்து வைத்த உத்தியோகத்தர்கள் தாங்கள் காப்பாற்றிய ஒருவரையும் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். ஒரு உயிர் நிற்பதும் போவதும் ஒரு பெண்ணின் சனிக்கிழமைக் காதில் மட்டும் தொங்கவில்லை, தங்கச்சி. அப்படித் தொங்கினால் எங்கள் நாட்டில் 47 ஒருநாளும் இறங்கியிருக்காது.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேலையும் வருகிறது. வயல் செய்கிற வீடுகளில், யாராவது மனம் உடைந்திருக்கிற நாட்களில், பூச்சிமருந்துப் போத்தல்களையும் மிஞ்சிய மாத்திரைகளையும் சொந்தக்காரர் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். சண்டை பிடித்து வாங்க வேண்டாம், ‘கொஞ்ச நாளைக்கு என்னிடம் கிடக்கட்டும்’ என்றால் பெரும்பாலும் தருவார்கள். இன்னொன்று, உயிரை மாய்க்க முயன்றவரைச் சட்டம் தண்டிக்கும் என்ற நிலை 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இன்னும் ‘பொலிசுக்குப் போகும்’ என்று பயந்து ஆஸ்பத்திரியில் பொய் சொல்லுகிற குடும்பங்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் இருக்கின்றன, கிழக்கே எழுவான்கரையிலும் இருக்கின்றன. இதை உங்கள் கூட்டத்தில் ஒருமுறையல்ல, அடிக்கடி சொல்ல வேண்டும்.

இப்போது அந்த ஏழு படங்கள். நான் சிரிக்கவில்லை. வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு கல்முனைப் பக்கக் கரையில் வேலை செய்த எல்லோருக்கும் இது பழைய கதை. இலங்கையில் அதிகமான உயிர்களைக் கொடுத்த மாவட்டம் அம்பாறை. 2005 தொடக்கத்தில் முகாம்களுக்கு எத்தனையோ வாகனங்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர்ப் பலகை. ஒரு சின்னப் பிள்ளை எனக்கு அலை கீறிக் காட்டினாள். வடிவாக இருக்கிறது என்றேன். ‘இது மூணாவது மிஸ், காலம்புற வந்தவங்களுக்கு ரெண்டு கீறிக் குடுத்தன்’ என்றாள். அந்தப் பிள்ளைக்கு அலை கீறுவது பள்ளிக்கூட வீட்டுப்பாடம்போல ஆகிவிட்டிருந்தது. ஒரே தடவை இருத்தி, நடந்ததை எல்லாம் கொட்டச் சொல்லிவிட்டு, வாகனம் ஏறிப் போவது உதவாது என்று பிறகு உலக சுகாதார நிறுவனமே சொன்னது. அந்தப் பிள்ளை மூன்றாவது அலையிலேயே சொல்லிவிட்டாள்.

வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1996இல் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும், இங்கே இருந்த இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் சேர்ந்து ஆரம்பித்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஒரே வளவுக்குள் கொண்டுவந்து, களிமண்ணும் கதையும் பாட்டும் கொடுத்தார்கள். பிள்ளைகளோடு மண் பிசைந்தவர்கள் எங்கள் ஊர் இளம் ஆட்கள், தாங்களும் யுத்தத்தைக் கண்டவர்கள். ஆகவே உங்கள் மனசில் கிடக்கிற கேள்வியை ‘உள்ளூர் ஆளா, வெளியூர் ஆளா’ என்று நான் பார்க்கமாட்டேன். கூட்டம் முடிந்து கோப்பை கழுவுகிறவர் யார் என்று பார்ப்பேன்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். ஒரு கொப்பி எடுத்து, உங்கள் முயற்சியின் பின்னால் இருப்பவர்களை எழுதுங்கள். உங்கள் கடிதத்திலிருந்தே எனக்கு ஐந்து பேர் கிடைத்துவிட்டார்கள்: நீங்கள், ராத்தா, பென்சன் டீச்சர், திறப்புத் தருகிற பாலர் பாடசாலை ஆசிரியை, ஓட்டோத் தம்பி. கை அசைத்துச் சொல்லிக் கொடுக்கிற அந்த அக்கா ஆறாவது. நீங்கள் எழுதாத ஆட்களும் இருக்க வேண்டும். ‘அந்த வீட்டுப் பக்கம் ஒருக்காப் போய்ப் பாருங்கோ’ என்று காதில் போடுகிற மிட்வைஃப். ‘ஓதிட்டன், டொக்டர்ர மாத்திரையையும் விடாமப் போடு’ என்று சொல்லி அனுப்புகிற மௌலவி. மந்திரித்து நூல் கட்டிவிட்டு அதையே சொல்லுகிற கட்டாடியார். இப்படி ஒருவராவது உங்கள் பக்கத்திலும் இருப்பார். இல்லாவிட்டால் போய்ப் பழகுங்கள், அவர்களிடம் போகிற ஆட்கள்தான் நாளைக்கு உங்களிடமும் வருவார்கள்.

இந்தப் பட்டியலை அந்த நிறுவனத்துக்கு அனுப்ப விரும்பினால் அனுப்புங்கள். கோபமாக எழுதவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கேட்காமல் ஒருவருடைய பெயரையும் போடாதீர்கள், கூட்டத்துக்கு வருகிறவர்களின் படத்தை எந்த அறிக்கைக்கும் கொடுக்காதீர்கள். மருந்து எடுக்கிற ஒரு பெண்ணுக்குக் கலியாணம் பேசுகிற வீட்டில் அந்தப் படம் வந்து சேர எவ்வளவு நேரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

பட்டியல் கேட்டதற்குக் காரணம் வேறு. நீங்கள் பத்துப் பேர் செய்கிற வேலையை ஒரு ஆள் செய்வதாக எண்ணிச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். பத்துப் பேரும் இருக்கிறார்கள், ஆனால் ஃபோன் மட்டும் உங்கள் தலைமாட்டில் இருக்கிறது.

கண்ணகி அம்மன் சடங்கு பார்த்திருப்பீர்கள். 1990ஐ ஒட்டிய வருசங்களில், பிடித்துக்கொண்டு போன பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று கேட்க மட்டக்களப்புத் தாய்மார் அம்மன் கோவில்களில் வாக்குச் சொல்லுகிறவர்களிடம்தான் போனார்கள். பொலிசில் கேட்க முடியாது, பக்கத்து வீட்டில் கேட்கவும் பயம். அமெரிக்க மானிடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் அந்தக் காலத்தில் இங்கே தங்கியிருந்து அதைப் பதிந்திருக்கிறார். வாக்குச் சொல்லுகிறவர் மற்றவரின் நோவைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ளுகிறார் என்பதுதான் அவர் கண்டது. எனக்குச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடப்பது. தெய்வம் ஆடி அடங்கியதும் இரண்டு பேர் தாங்கிப் பிடிப்பார்கள். தண்ணீர் தெளிப்பார்கள். ஓரமாக இருத்தி, மூச்சு வருமட்டும் பக்கத்தில் நிற்பார்கள். ‘சரி, வேலை முடிஞ்சுது, நீ வீட்ட போ’ என்று யாரும் அனுப்புவதில்லை. உங்களை ஆறு வருசத்துக்கு மேலாகச் சனிக்கிழமை தோறும் அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ராத்தாவுக்கு இந்த உதாரணம் ஒத்துவராது. அவருக்குச் சொல்ல ‘பர்ளு கிபாயா’ இருக்கிறது. ஜனாஸாவை அடக்குவது ஊர் முழுவதன் மேலும் உள்ள கடமை. சிலர் செய்தால் எல்லோரிலிருந்தும் நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோருக்கும் குற்றம். இறந்தவரை அடக்குவதற்கு அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிற ஊரில், உயிரோடு இருப்பவரின் பாரத்தைக் கேட்பது மட்டும் ஏன் ஒரு ஆளின் தலையில்? இதை நான் சொல்வதைவிட ராத்தா சொன்னால் எடுபடும்.

உரிமை இருக்கா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனமும் வேறு அமைப்புகளும் சேர்ந்து 2011இல் உளவியல் முதலுதவிக்கு ஒரு கைந்நூல் கொண்டுவந்தன. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், இணை. அதை எழுதியது டொக்டர்மாருக்கு மட்டும் அல்ல, உங்களைப் போன்றவர்களுக்கும்தான். அதற்கு முன்பு 2007இல் வந்த சர்வதேச வழிகாட்டல் ஒன்று, உளநல உதவியை நாலு தட்டாக, கூம்புபோல வரைகிறது. அடித்தட்டில் சாப்பாடு, தண்ணீர், பாதுகாப்பு. அதன் மேல் குடும்பமும் ஊரும் தருகிற துணை. அதற்கும் மேல் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் தரும் உதவி. உச்சியில், மிகச் சிறிய தட்டில்தான் மனநல வைத்தியர். நீங்கள் நிற்பது நடு இரண்டு தட்டிலும். அந்த இரண்டும் இல்லாவிட்டால் உச்சியில் இருக்கிறவரிடம் வருகிற ஆள் முற்றிய பிறகுதான் வருவார்.

உரிமைக்கு எல்லையும் உண்டு. இன்ன நோய் என்று பெயர் வைப்பது உங்கள் வேலை இல்லை. மாத்திரையைக் குறை, கூட்டு என்பது இல்லவே இல்லை. புருசனை விட்டுப் போ என்றோ, பொறுத்துக்கொள் என்றோ தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ‘ஆரிட்டயும் சொல்லமாட்டன்’ என்று முழுச் சத்தியம் பண்ண வேண்டாம், உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். லோன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் உங்கள் தாலிக்கொடியை அடகு வைக்க வேண்டாம். சிரிப்பதற்காக எழுதவில்லை, வைத்தவர்களை எனக்குத் தெரியும். நுண்கடன் பிரச்சினைக்குப் பிரதேச செயலகத்தில் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள், அந்தப் பெண்ணோடு கூடப் போங்கள், ‘இணை’ என்பது அதுதான்.

ஃபோனுக்கு வருவோம். பழைய சின்ன ஃபோன் ஒன்று போதும், கூட்டத்துக்கென்று தனி சிம் போடுங்கள். கிழமைக்கு ஒருவரிடம் இருக்கட்டும்: உங்களிடம், ராத்தாவிடம், டீச்சரிடம். இரவு ஒன்பதுக்குப் பிறகு அதைக் குசினியில் வைத்துவிட்டுப் படுங்கள். எடுக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ‘ராவையில எங்களால ஏலாது, 1926க்கு எடுங்க, காலம்புற எட்டு மணிக்கு நாங்க எடுப்பம்.’ சொன்னபடி எட்டு மணிக்கு எடுத்துவிட வேண்டும். முதல் கிழமை உங்களுக்குத் துரோகம் செய்வதுபோல இருக்கும். இருக்கட்டும்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்கள் போன பிறகு மூன்று பேரும் பத்து நிமிடம் இருங்கள். இன்றைக்கு எது என்னோடு வீட்டுக்கு வரப் பார்க்கிறது என்று ஆளுக்கொரு வசனம். அறிவுரை கிடையாது. மாதம் ஒருமுறை, ஆதார வைத்தியசாலை உளநலப் பிரிவிலிருந்து சமூகப் பணியாளரையோ, பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தரையோ கூப்பிட்டு, சிக்கலான கதைகளை அவர்கள் முன்னால் வையுங்கள். நானும் இருபது வருசத்துக்கு மேலாக மாதம் ஒருமுறை ஒருவரிடம் போய் இருந்து கதைக்கிறேன். படித்த படிப்பு அதிலிருந்து விலக்குத் தரவில்லை.

போன பிள்ளையைப் பற்றிக் கூட்டத்தில் கதைத்தீர்களா? கடிதத்தைப் பார்த்தால் இல்லை என்றே படுகிறது. நாலு மாதமாக எல்லோரும் அந்த ஒரு கதிரையைச் சுற்றி நடந்துகொண்டிருப்பார்கள். அடுத்த சனிக்கிழமை அவவின் பெயரைச் சொல்லுங்கள். எப்படி நடந்தது என்ற விவரத்துக்குள் போகாதீர்கள். கேட்டால், ‘அதை இஞ்ச கதைக்க மாட்டம்’ என்று நிறுத்துங்கள். அவவுக்கு என்ன பிடிக்கும், என்ன சொல்லிச் சிரிப்பா, அதைக் கதையுங்கள். அழுகிறவர் அழட்டும். பிறகு, முதலில் நான் உங்களிடம் கேட்ட கேள்வியை அங்கே எல்லோரிடமும் கேளுங்கள். தாயிடமும் போய்வாருங்கள். அந்தியேட்டி முடிந்த பிறகு அந்த வீட்டுப் படலை திறக்கப்பட்டே இருக்காது. உயிரை மாய்த்த வீட்டுக்கு ஆட்கள் போவது குறைவு. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம், ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போய் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வாருங்கள்.

எல்லோரும் வரக்கூடிய இடம் என்று ஒன்றை நடத்துகிறவர்கள் இங்கே குறைவு, ஆகவே சில சில்லறை விசயங்களும் கேட்கிறேன். அந்தச் சின்னக் கதிரையில் கால் ஏலாத அக்கா எப்படி இருக்கிறா, எப்படி எழும்புகிறா? ஒவ்வொரு தரமும் இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தால், அவ இடையில் எழும்பிப் போக விரும்பினாலும் போகமாட்டா. வாசிகசாலையில் பெரிய கதிரை சும்மா கிடக்கும், கேட்டுப் பாருங்கள். காது கேளாத தம்பிக்கு அக்காதான் மொழிபெயர்க்கிறா என்றால், அக்காவைப் பற்றிய மனத்தாங்கலை அவன் யாரிடம் சொல்வான்? கைப்பாசை தெரிந்த இன்னொருவர் கிடைக்குமட்டும், எழுத வருமென்றால் அவனோடு தனியே ஃபோனில் எழுத்தில் கதையுங்கள். மஃக்ரிப் தொழுகைக்கு முதல் முடித்துவிடுகிறீர்கள்தானே? நோன்பு மாதத்தில் தேத்தண்ணியை எல்லோருக்கும் நிறுத்திவிடுவது நல்லது.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் கடிதத்தில் காது கேளாத தம்பியைத் தவிர உள்ளே இருப்பதாக ஒரு ஆணும் இல்லை. ஆனால் இரண்டு மணித்தியாலம் ஓட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு வெளியே ஒருவன் நிற்கிறான். மனைவியைக் கூட்டிவந்த வேறு இரண்டு மூன்று பேரும் அவனோடு நிற்பார்கள், பந்து விளையாட்டையும் விளைச்சலையும் கதைத்துக்கொண்டு. அதையும் ஒரு கூட்டம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களை உள்ளே இழுக்க வேண்டாம், வராமல் போய்விடுவார்கள். ஓட்டோத் தம்பிக்குப் பார், கேள், இணை மூன்றையும் சொல்லிக்கொடுங்கள், போதும். தேத்தண்ணித் தட்டு வெளியேயும் போகட்டும்.

அந்தக் குடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019க்குப் பிறகு நல்லிணக்கம் என்று ஹோட்டல் மண்டபங்களில் எத்தனையோ செயலமர்வுகள் நடந்தன, நானும் கோப்பும் பேனாவும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிய அந்த மாதங்களில், பழைய குடை ஒன்றைச் சாட்டாக வைத்து எல்லைத் தெருவைத் தாண்டி நடந்து வந்த பெண் உங்களிடம் இருக்கிறா. உங்கள் நித்திரையில்லாத கதையை அவவிடம் சொன்னீர்களா? எனக்கு எழுதுமுன் அவவிடம் சொல்லியிருக்க வேண்டும்.

கணவரை எதிரி ஆக்காதீர்கள். நாலு மாதமாகப் பக்கத்தில் விழித்துக் கிடக்கிற பெண்சாதியைப் பார்த்து ஒருவர் ‘விட்டுடு’ என்றால், அது வேலைமீது உள்ள வெறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. ஃபோனைக் குசினியில் வைக்கிற முதல் இரவை அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள்.

விடவா என்ற கேள்விக்கு: இப்போது முடிவெடுக்க வேண்டாம். நாலு மாதம் நித்திரையில்லாத தலையால் எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இருப்பது அரிது. அடுத்த சனிக்கிழமைக் கூட்டம் முடிந்த பிறகு ஆறு சனிக்கிழமை லீவு எடுங்கள். திறப்பை ராத்தா வாங்கட்டும். கூட்டம் நிற்காது, கொஞ்சம் கோணலாக நடக்கும், அவ்வளவுதான். ஆறு கிழமைக்குப் பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால் விடுங்கள், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

அந்த லீவுக்குள் செய்ய வேண்டியது ஒன்று. நாலு மாதம் அதிகாலை இரண்டு மணிக்கே விழிப்பது களைப்பு மட்டும் அல்ல, டொக்டர் பார்க்க வேண்டிய விசயம். மனச்சோர்வா, அந்த இழப்பின் அதிர்ச்சியா, சுனாமியின் பழைய காயம் கிளறப்பட்டதா, தைரொயிட்போல உடம்பில் வேறு ஏதாவதா என்று அவர்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும், கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. கல்முனைக் கிளினிக்கில் நீங்கள் கூட்டிக்கொண்டு போன ஆட்களே வரிசையில் இருப்பார்கள் என்று கூச்சமாக இருந்தால், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு வாருங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பஸ், தெரிந்த முகம் குறைவு. கிளினிக் நாள் எது என்று முதலே ஃபோன் பண்ணிக் கேளுங்கள். வெள்ளன வந்தால்தான் துண்டு கிடைக்கும். எப்போது படுக்கிறீர்கள், எப்போது விழிக்கிறீர்கள் என்று இன்றிலிருந்து ஒரு கிழமைக்குக் குறித்துக்கொண்டு வாருங்கள், பிரஷருக்கோ சீனிக்கோ மாத்திரை எடுத்தால் அந்தக் கொப்பியையும் கொண்டுவாருங்கள். ராத்தா கூட வரட்டும். உள்ளே போகும்போது பழக்க தோசத்தில் ‘இவங்களைக் கூட்டி வந்தனான்’ என்று சொல்லிவிடாதீர்கள், துண்டை உங்கள் பெயரில் எடுங்கள்.